உலோகத்தின் உள்ளெழுத்து

பொன்னிலும் வெள்ளியிலும் அழகு சேர்ப்பதற்கு மனிதன் கண்டறிந்த வழிகள் பல. உளியால் செதுக்குவது ஒரு வழி. அச்சில் அடித்துப் புடைக்கச் செய்வது மற்றொரு வழி. கம்பியிழைத்துப் பற்றவைப்பது, கல் பதிப்பது, எனாமல் தீட்டுவது என்று இப்பட்டியல் நீளும். இவை அனைத்திலும் கோலம் முதலில் கைவினைஞனின் மனத்தில் பிறக்கிறது. பின்னரே அவன் கைவழியாக உலோகத்தின்மேல் இறங்குகிறது.

இவற்றுக்கு முற்றிலும் மாறான வழி ஒன்றும் உண்டு. அதில் கைவினைஞன் எதையும் வரைவதில்லை. உலோகத்தை உருக்குகிறான், பொறுமையுடன் ஆறவிடுகிறான், தேய்த்து மெருகேற்றுகிறான். கண்ணாடிபோல் பளபளக்கும் அந்த வெற்றுப் பரப்பின்மேல் திராவகத்தைத் தடவிக் காத்திருக்கிறான். சற்று நேரத்தில் மெருகு மங்குகிறது. அதன் இடத்தில் கிளைவிட்ட செடிகளும், பெரணி இலைகளும், ஒழுங்கற்ற பலகோணக் கட்டங்களும் மெல்ல மெல்லத் தோன்றுகின்றன. அவற்றை எந்த ஊசியும் கீறவில்லை. உலோகம் உருகி உறைந்த அந்த நேரத்திலேயே அவை உள்ளே எழுதப்பட்டுவிட்டன. திராவகம் திரையை விலக்கியது, அவ்வளவே.

இந்த உள்ளெழுத்தை மனிதன் எப்படிக் கண்டான், எப்படிப் படிக்கக் கற்றான், அதனை எவ்வாறு அணிகலனாக்கினான் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு. அந்த வரலாற்றில் பாக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் இடமுண்டு. நம் கொங்கு நாட்டுக்கும் தென்னார்க்காட்டுக்கும் இடமுண்டு.

திராவகம் செய்வது என்ன?

கற்கண்டையும் உப்பையும் படிகங்கள் என்று நாம் அறிவோம். பொன்னும் வெள்ளியும் இரும்பும் அவ்வாறே படிகங்களால் ஆனவை என்பது பலருக்கு வியப்பளிக்கும். உருகிய உலோகம் ஆறத் தொடங்கும்போது பல இடங்களில் ஒரே நேரத்தில் நுண்ணிய படிகங்கள் கருக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் மரம்போல் கிளைவிட்டு வளர்கிறது. அண்டைப் படிகத்தை முட்டும் இடத்தில் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அந்த இடமே இரண்டுக்கும் எல்லை. விரைந்து ஆறினால் எண்ணற்ற சிறு படிகங்கள் உண்டாகும். மெதுவாக ஆறினால் சிலவே தோன்றிப் பெரிதாக வளரும்.

ஒவ்வொரு படிகத்திலும் அணுக்கள் ஒழுங்கான அணிவகுப்பில் நிற்கின்றன. ஆனால், அந்த அணிவகுப்பு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு திசையை நோக்கியிருக்கிறது. திராவகம் எல்லாத் திசைகளையும் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை. ஒரு படிகத்தைச் சற்று ஆழமாகவும் அடுத்ததைச் சற்று மேலாகவும் அரிக்கும். எல்லைகளை எல்லாவற்றுக்கும் முன்னதாக அரிக்கும். இவ்வாறு உண்டாகும் நுண்ணிய படிகள் ஒளியை வெவ்வேறு பக்கம் திருப்புகின்றன. ஆகவேதான் அத்தகைய மோதிரத்தை விரலில் திருப்பும்போது, ஒளிர்ந்த கட்டம் இருள்கிறது. இருண்ட கட்டம் ஒளிர்கிறது.

வெள்ளிக்கு இந்தப் பணியைச் செய்வது நைட்ரிக் திராவகம். பொன் அதற்கு மசியாது. நைட்ரிக் திராவகம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் திராவகம் மூன்று பங்கும் சேர்ந்த ராஜ திராவகமே பொன்னை அரிக்கும். வெள்ளியோடு செம்பைக் கலந்து வார்த்தால், வெள்ளி மிகுந்த கிளைகள் ஒருபுறமும், அவற்றின் இடைவெளியை நிரப்பும் வெள்ளி-செம்புக் கலவை மறுபுறமுமாகப் பிரிந்து உறைகின்றன. அங்கே திராவகம் காட்டும் கோலம் இன்னும் தெளிவானது.

பொற்கொல்லரின் வழக்கமான நாட்டம் இதற்கு நேர்மாறானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் வேண்டுவது நுண்ணிய படிகங்களையே. அவையே உறுதி தரும், சீரான மெருகு தரும். தகடாக அடிக்கும்போதும் கம்பியாக இழுக்கும்போதும் வார்ப்பில் விளைந்த பெரும் படிகங்கள் நசுங்கிச் சிதைந்துவிடும். எனவே படிகக் கோலம் வேண்டுமானால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நெருப்பையும் நேரத்தையும் நம்ப வேண்டியிருக்கிறது.

மாற்றுப் பார்த்தவர்களின் கொடை

திராவகம் அழகுக்காகப் பிறந்ததன்று. உண்மையை அறிவதற்காகவும் பிரிப்பதற்காகவும் பிறந்தது. பொன்னில் கலந்த வெள்ளியைப் பிரிக்க, உப்பையும் செங்கல் பொடியையும் சேர்த்துப் புடமிடும் முறை மிகப் பழமையானது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் லிடியா நாட்டின் தலைநகரான சார்திஸில் அது நடைபெற்றதற்கு அகழ்வாய்வுச் சான்று உண்டு. அதே முறையை 13ஆம் நூற்றாண்டில், சுல்தான் அல்-காமில் ஆட்சிக்காலத்தில், கெய்ரோ நாணயச்சாலையைப் பற்றி நூல் எழுதிய இப்னு பஃரா விளக்குகிறார். பொன், வெள்ளி ஆகிய இரண்டையும் பற்றித் தனி நூல் எழுதிய யமன் நாட்டு அறிஞர் அல்-ஹம்தானீ, அவருக்கும் முந்திய 10ஆம் நூற்றாண்டினர்.

நைட்ரிக் திராவகத்தைக் காய்ச்சி வடிக்கும் முறை, சுமார் 1300ஆம் ஆண்டளவில் லத்தீன் மொழியில் ‘கெபர்’ என்ற பெயரால் பரவிய நூல்களில் தெளிவாகக் காணப்படுகிறது. ‘கெபர்’ என்பது ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரே. ஆனால், அந்த லத்தீன் நூல்களை எழுதியவர் அவரல்லர், பிற்காலத்து ஐரோப்பியர் ஒருவர் அப்பெயரைச் சூட்டிக்கொண்டார் என்பதே இன்றைய ஆய்வாளரின் முடிவு. ஜாபிரின் பெயரால் வழங்கும் அரபு நூல்களின் காலமும் ஆசிரியரும்கூட விவாதத்துக்கு உரியவை. உரிமையில்லாத புகழைச் சேர்த்துச் சொல்வதால் அந்தப் பெரியாருக்குப் பெருமை கூடிவிடாது. தம் நூலைப் பிறர் மதிக்க வேண்டுமென்று விரும்பிய ஐரோப்பியர் ஒருவர் அரபு அறிஞரின் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டாரே, அதுவே அக்காலத்து அரபு அறிவுக்குக் கிடைத்த சான்றிதழ்.

அந்தக் குறிப்பில் வரும் பொருள்கள் நம் வீட்டுப் பெரியவர்கள் நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவைதாம்: அன்னபேதி இனத்து உப்பு, வெடியுப்பு, படிகாரம். இவற்றைச் சேர்த்துக் காய்ச்சினால் வெள்ளியைக் கரைக்கும் நீர் கிடைக்கும். அதில் நவச்சாரத்தைச் சேர்த்தால் பொன்னையும் கரைக்கும் நீராகிவிடும்.

ஃபிரிந்த்

ஆயினும், உலோகத்தின் உள்ளெழுத்தை முதன்முதலில் உலகம் ஆசையோடு பார்த்தது பொன்னிலன்று, உருக்கில். வாளின் அலகில் நீரோட்டம்போல், மணலில் காற்று வரைந்த வரிபோல் நெளியும் கோலத்துக்கு அரபு மொழியில் ‘ஃபிரிந்த்’ என்று பெயர். உருக்கு விலையுயர்ந்த உலோகமா என்று வினவலாம். ஃபிரிந்த் தெளிந்த வாளை அரசர்கள் மணிகளுக்கு ஒப்பாகவே மதித்தனர். அபூ ரைஹான் அல்-பீரூனீ அதனை விவரித்திருப்பதும் போர் நூலில் அன்று. மாணிக்கம், முத்து, பொன், வெள்ளி ஆகியவற்றை ஆராயும் ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் நூலில்தான்.

அல்-பீரூனீக்கு இரண்டு நூற்றாண்டு முன்னரே, 9ஆம் நூற்றாண்டில், தத்துவ அறிஞர் அல்-கிந்தீ, கலீஃபா அல்-முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இரும்பு எத்தனை வகை, எந்த நாட்டு வாள் எத்தகையது, ஒவ்வொன்றின் ஃபிரிந்தும் எப்படியிருக்கும் என்றெல்லாம் அதில் வகைப்படுத்தினார். யமன் நாட்டு வாள்களையும் இந்திய வாள்களையும் உயர்ந்த வகையில் வைத்தார். ஸரந்தீப் என்னும் இலங்கையின் பெயரும் அதில் வருகிறது. கோலத்தைப் பார்த்தே வாளின் பிறப்பிடத்தை அறிய முடியும் என்பது அந்நூலின் அடிப்படை. ஒரு தத்துவ ஞானி கொல்லனின் உலையை இத்தனை கூர்மையாக நோக்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

அல்-பீரூனீ ஒரு படி மேலே சென்று, கோலம் ஏன் தோன்றுகிறது என்று கேட்டார். இரண்டு வகை இரும்புகள் ஒரே அளவில் உருகாமல், முழுமையாகக் கலந்துவிடாமல், ஒன்றன் துணுக்குகள் மற்றொன்றின் இடையிடையே தங்கிவிடுவதால் இரு நிறங்களும் அருகருகே கண்ணுக்குத் தெரிகின்றன என்பது அவர் தந்த விடை. நுண்ணோக்காடி இல்லாத 11ஆம் நூற்றாண்டில் இந்த விடை உண்மைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இந்திய உருக்கால் ஆன வாளை அரபியர் ‘முஹன்னத்’ என்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் பாடிய ‘பானத் ஸுஆத்’ கஸீதாவில், அண்ணலாரைப் போற்றும் இடத்தில் அச்சொல் வருவதை நம்மவர் பலரும் அறிவர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த உலைகளில் சில நம் மண்ணில் எரிந்தவை. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் மூசையில் உருக்குச் செய்ததற்கான தடயங்கள் அகழ்வாய்வில் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ள மேல்சிறுவளூரில் மூசை ஓடுகள் குவிந்த இடத்தை ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் 1990களில் வெளியுலகுக்கு அறிவித்தார்.

அந்தச் செய்முறையை 19ஆம் நூற்றாண்டில் நேரில் கண்ட ஆங்கிலேயர் குறித்து வைத்தனர். உமி கலந்த களிமண்ணால் செய்த சிறு மூசையில் தேனிரும்புத் துண்டை இடுவர். அதனோடு உலர்ந்த ஆவாரங்கட்டையையும், எருக்கிலை போன்ற பச்சிலைகளையும் வைப்பர். வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதிப் பலமணி நேரம் காய்ச்சுவர். கட்டையின் கரி இரும்பில் ஊறி, சுமார் ஒன்றரை விழுக்காடு அளவுக்கு ஏறி, அது உருக்காகும். மூசையை மெதுவாக ஆறவிட்டு உடைத்தால் சிறு கட்டி ஒன்று கிடைக்கும். அந்தக் கட்டியைப் பெரும் சூடேற்றாமல், மிதமான சூட்டிலேயே பலமுறை தட்டி நீட்டி வாளாக்கினர். மெருகிட்டபின் பாரசீகக் கொல்லர் அதன்மேல் ‘ஸாக்’ என்னும் உப்பைக் கரைத்துத் தடவினர். ‘ஸாக்’ என்பது நம் அன்னபேதியின் இனமே. உடனே ஃபிரிந்த் விழித்தெழுந்தது.

உருக்கு நம்முடையது, வாளுக்குப் பெயர் மட்டும் ‘டமாஸ்கஸ்’ என்று அமைந்தது.

வானிலிருந்து வந்த இரும்பு

1621ஆம் ஆண்டு பஞ்சாபில் ஜாலந்தர் அருகே வானிலிருந்து பேரொலியுடன் ஓர் இரும்புக் கட்டி விழுந்தது. அதனைத் தோண்டியெடுத்துப் பேரரசர் ஜஹாங்கீரிடம் அனுப்பினர். எடை 160 தோலா இருந்தது. ஜஹாங்கீர் உஸ்தாத் தாவூத் என்னும் கொல்லரை அழைத்து ஆயுதம் செய்யப் பணித்தார். வானத்து இரும்பு சுத்தியலுக்கு நிற்காமல் நொறுங்கியது. பிறகு அதில் மூன்று பங்குக்கு நாட்டு இரும்பு ஒரு பங்கு சேர்த்து, இரண்டு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி ஆகியவற்றை உஸ்தாத் செய்தளித்தார். இதனை ஜஹாங்கீர் தம் வரலாற்றில் தாமே எழுதியிருக்கிறார். பொன்னிழைத்த எழுத்துகளோடு கூடிய அந்தக் கத்தி இன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது.

உலையில் காய்ச்சி அடித்ததும் அந்த இரும்பின் இயல்பான எழுத்து அழிந்துவிட்டது. விண்கல்லில் ஓர் எழுத்து உண்டு என்பதே அன்று எவருக்கும் தெரியாது. 1804இல், நேப்பிள்ஸ் நகரில் வாழ்ந்த வில்லியம் தாம்ஸன் என்னும் ஆங்கிலேயர், சைபீரியாவில் கிடைத்த விண்கல்லின் துருவைப் போக்குவதற்காக நைட்ரிக் திராவகத்தைப் பயன்படுத்தினார். துரு போனது, எதிர்பாராத கோலம் ஒன்று வந்தது. நேர்கோட்டுப் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாக, முக்கோணமும் சாய்சதுரமுமாகப் பரவியிருந்தன. அவர் அதனை அச்சிட்டும் வெளியிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1808இல், வியன்னா அரசுப் பீங்கான் தொழிற்சாலையின் தலைவர் அலாய்ஸ் ஃபான் பெக் விட்மன்ஸ்டாட்டன், குரோவேஷியாவில் 1751இல் விழுந்த விண்கல்லின் துண்டை நெருப்பில் காட்டியபோது அதே கோலத்தைக் கண்டார். பின்னர் விண்கற்களைத் திராவகத்தால் அரித்து, அந்தப் பரப்பில் மை தடவி, தாளில் அழுத்தி அச்செடுத்தார். வானமே செய்த அச்சுக்கட்டை அது! தம் கண்டுபிடிப்பைப் பற்றி விட்மன்ஸ்டாட்டன் தாமாக எதையும் வெளியிடவில்லை. நண்பர்கள் வாயிலாகவே செய்தி பரவியது. எனினும் அந்தக் கோலம் இன்றளவும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. எழுதி வெளியிட்ட தாம்ஸன் 1806இலேயே காலமாகிவிட்டார். அவரை நினைவுகூர்வோர் சிலரே.

இரும்பும் நிக்கலும் பல இலட்சம் ஆண்டுகளுக்குச் சில பாகை என்னும் அளவில் குளிர்ந்து விளைந்த கோலம் அது. அத்தனை பெரிய பட்டைகளை எந்த ஆலையும் வளர்த்துவிட இயலாது. அண்மைக் காலமாக அரித்தெடுத்த விண்கல் தகட்டைப் பொன் மோதிரத்திலும் பிளாட்டின மோதிரத்திலும் பதிக்கும் வழக்கம் மேலை நாடுகளில் பரவியிருப்பதற்குக் காரணமும் இதுதான். அங்கே விலை பெறுவது உலோகம் மட்டுமன்று. போலி செய்ய முடியாத காலம்.

பாரிஸும் லண்டனும்

விண்கல்லின் கோலமும் வாளின் கோலமும் ஒரே வினாவை எழுப்பின. உலோகத்தின் உள்ளே நடப்பதென்ன? இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர், பாரிஸ் நாணயச்சாலையில் பொன் வெள்ளிச் சோதனைக்குப் பொறுப்பாக இருந்த ழான் ரொபேர் பிரேயான். 1820களின் தொடக்கத்தில் அவர் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, கரி மிகுந்த உருக்கு மெதுவாக ஆறும்போது படிகமாகப் பிரிவதே ஃபிரிந்தின் காரணம் என்று காட்டினார். இரண்டு வகைப் பொருள் அருகருகே நிற்பதாக அல்-பீரூனீ கூறியதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அதே காலத்தில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, கத்தி செய்யும் தொழிலினரான ஜேம்ஸ் ஸ்டோடர்டுடன் சேர்ந்து தென்னிந்திய உருக்கை ஆராய்ந்தார். மின்னியலில் பெரும் புகழ் பெறுவதற்கு முன் ஃபாரடே செய்த வேலை இது. அவர் ஒரு கொல்லரின் மகன். உருக்கோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் ஆகியவற்றைக் கலந்து பார்த்தனர். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்ந்த உருக்கு நன்றாக அமைந்தது என்று 1820இல் எழுதினர். நீர்த்த திராவகம் கொண்டு பரப்பை அரித்துக் கோலத்தைப் பார்ப்பது அவர்களுடைய சோதனை முறைகளுள் ஒன்று.

அறிவியல் ஒருபுறம் செல்ல, நாகரிகம் மறுபுறம் சென்றது. ஏறத்தாழ அந்த ஆண்டுகளில்தான் பாரிஸில் வெள்ளீயம் பூசிய தகட்டைச் சூடாக்கித் திராவகத்தால் கழுவி, பனிப்பூப் போன்ற படிகங்களை வெளிக்கொணரும் முறை பெயர் பெற்றது. அதன்மேல் நிற வார்னிஷ் பூசிப் பெட்டிகளும் தட்டுகளும் செய்தனர். விலை மலிந்த தகரமும் சில நிமிடங்களில் பட்டுப்போல் மின்னியது.

பொன்னே பேசத் தொடங்கியது

பொன்னின் உள்ளெழுத்து இறுதியாகவே வெளிப்பட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் லிவர்சிட்ஜ், 1890களில் ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் கிடைத்த இயற்கைப் பொற்கட்டிகளை அறுத்து, மெருகிட்டு, அரித்துப் பார்த்தார். வெளியே ஆற்றுக் கூழாங்கல்போல் உருண்டு மழுங்கியிருந்த கட்டிகளின் உள்ளே தெளிவான படிகக் கட்டங்கள் நிறைந்திருந்தன. பிளாட்டினக் கட்டிகளையும், வார்த்த பொற்பாளங்களையும் அவ்வாறே ஆராய்ந்து 1897இல் வெளியிட்டார். பொற்கட்டிகள் ஆற்று மணலில் சிறிது சிறிதாக வளர்ந்தவை என்று பலர் நம்பிய காலம் ஒன்று இருந்தது. பூமியின் ஆழத்தில், வெப்பத்தில் பிறந்தவை என்பதற்கு அவற்றின் படிகங்களே சாட்சி என்று 2007இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது.

படிகத்தின் எல்லைகளைப் பற்றிய அறிவு நகைத்தொழிலுக்கும் பயன்பட்டது. ஈயம் சிறிது கலந்தாலும் பொன் விரிந்து நொறுங்கும் என்பதைத் தட்டார்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். லண்டன் நாணயச்சாலையின் வேதியியலர் ராபர்ட்ஸ்-ஆஸ்டன் 1888இல் அதனை அளந்து காட்டினார். ஆயிரத்தில் இரண்டு பங்கு ஈயமோ பிஸ்மத்தோ போதும், பொன் தன் வளையும் தன்மையை இழந்துவிடும். அந்த அயல் உலோகம் படிகங்களின் எல்லைகளில் தங்கி, அவற்றின் பிணைப்பை அறுத்துவிடுவதே காரணம்.

அணிகலன்களில் அரிப்பைக் கொண்டு தோற்றம் சேர்க்கும் வழக்கமும் 19ஆம் நூற்றாண்டில் ஓங்கியது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், செய்து முடித்த பொன் நகையை வெடியுப்பும் உப்பும் படிகாரமும் சேர்ந்த கொதிகலவையில் இடுவர். மேற்பரப்பிலுள்ள செம்பும் வெள்ளியும் கரைந்துபோக, தூய பொன்னின் நுண்மணிகள் மட்டும் எஞ்சும். திராட்சைப் பழத்தின்மேல் படிந்திருக்கும் மென்பொடிபோல் அந்த நகை மங்கலாக, மென்மையாக ஒளிரும். ருஷ்ய நாட்டில் ஃபாபெர்ஜே தொழிற்கூடம் பொன்தகட்டையும் வெள்ளித்தகட்டையும் உருகும் நிலைவரை சூடாக்கி, இயற்கைக் கட்டிபோல் சுருக்கம் விழச் செய்து பெட்டிகள் அமைத்தது. இன்று வெள்ளியைப் பெரும் படிகமாக வார்த்து, நைட்ரிக் திராவகத்தால் அரித்து, பெரணிக் கோலத்தோடு பதக்கங்கள் செய்யும் கலைஞரும் உளர். அழகுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறக்கலாகாது. அந்த வேலையில் எழும் செந்நிறப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. காற்றோட்டம் இல்லாத சிறு அறையில் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவதாகும்.

வரைவதும் வெளிப்படுத்துவதும்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. உலோகத்தின்மேல் மெழுகைப் பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தில் மட்டும் திராவகம் பாயச் செய்து சித்திரம் தீட்டும் கலை வேறு. ஐரோப்பியக் கவசங்களில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து அது சிறந்து விளங்கியது. அதுவும் நற்கலையே. ஆனால், அந்த உத்தியைக் கொண்டே சாதாரண இரும்பின்மேல் பொய் ஃபிரிந்தை வரைந்து, உயர்ந்த வாளென்று விற்றவர்களும் இருந்தனர். கைகள் இரண்டிலும் இருந்தது ஒரே திராவகம். ஒன்று உள்ளே இருந்ததை வெளியே காட்டியது. மற்றொன்று உள்ளே இல்லாததை வெளியே எழுதியது.

இரண்டையும் பிரித்தறிய வழி மிக எளிது. வரைந்த கோலத்தைத் தேய்த்தால் அது போய்விடும், திரும்ப வராது. உள்ளெழுத்தையும் தேய்த்து அழிக்கலாம். ஆனால், மறுபடி திராவகம் பட்டால் அது மறுபடி எழும், ஏனெனில் அது மேலே மட்டும் இல்லை, அடிவரை இருக்கிறது.

வாங்குவோருக்கு இது வீண் பேச்சன்று. அச்சில் அழுத்திய படிகக் கோலமும் இன்று சந்தையில் உண்டு. அழகுக்காக வாங்கினால் அதில் பிழையில்லை. அதனை அதுவென்று சொல்லி விற்க வேண்டும் என்பதே நியாயம். பொன்னின் மாற்றை உரைகல்லும், புடமும், இந்தியாவில் 2021 முதல் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரையும் சொல்லிவிடுகின்றன. ஒரு பொருள் எந்த நெருப்பில் எவ்வளவு பொறுமையோடு பிறந்தது என்பதைச் சொல்ல எந்த முத்திரையும் இல்லை. அதை உள்ளெழுத்து ஒன்றே சொல்லும்.

எழுதப்படாத ஏடு

வரலாற்றின் இந்தப் பகுதியில் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டுக்குள் ஃபிரிந்த் வாள் செய்யும் கலை மறைந்துவிட்டது. மலிவான ஆங்கில இரும்பு வந்து குவிந்தது, காடுகள் குறைந்து கரி அரிதானது, ஆயுதத் தொழிலுக்குத் தடைகள் விழுந்தன என்று காரணங்கள் பல கூறுவர். அமெரிக்க உலோகவியல் பேராசிரியர் வெர்ஹோவனும், லாடம் அடிக்கும் தொழிலினரான ஆல்ஃப்ரெட் பென்ட்ரேயும் 1990களில் கூட்டாக ஆராய்ந்து மற்றொரு காரணத்தை முன்வைத்தனர். தாதுவில் இயற்கையாகவே மிகமிகச் சிறிதளவு கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்களே கரிப்படிகங்களை வரிசையாக நிற்கச் செய்து கோலத்தை உண்டாக்கின; அத்தகைய தாது தீர்ந்தபோது, பழைய முறையையே பின்பற்றியும் கோலம் விழாமல் போயிருக்கலாம் என்றனர். அவ்வாறே செய்து கோலத்தை மீண்டும் வருவித்தும் காட்டினர்.

காரணம் எதுவாயினும், மூசைக்கு முன் அமர்ந்தவர்களின் அறிவு அவர்கள் கையிலேயே இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. அல்-கிந்தீ எழுதியதால் வாளின் வகைகளை அறிகிறோம். அல்-பீரூனீ எழுதியதால் ஃபிரிந்தின் காரணத்தை அவர் எப்படி எண்ணினார் என்பதை அறிகிறோம். ஜஹாங்கீர் எழுதியதால் உஸ்தாத் தாவூதின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. ஆவாரங்கட்டை எத்தனை, எருக்கிலை எத்தனை, எந்த நிறம் வரும்வரை துருத்தி ஊத வேண்டும் என்பதைக் கணக்காக அறிந்திருந்த கொடுமணல் கொல்லரின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. தொழில் நின்ற அன்று அறிவும் நின்றது. அதனை மீட்க உலோகவியல் அறிஞருக்கு இரண்டு நூற்றாண்டு உழைப்புத் தேவைப்பட்டது.

இன்றும் நம் ஊர்களில் கல் பதிப்போரும், கம்பியிழைப்போரும், பித்தளைப் பாத்திரம் தட்டுவோரும், பாய் நெய்வோரும் இருக்கிறார்கள். அவர்களின் கை அறிந்தது அவர்களோடு முடிந்துவிட வேண்டுமா என்பதை அந்தந்தக் குடும்பத்துப் படித்த பிள்ளைகள் சிந்திக்க வேண்டும். தந்தை சொல்லச் சொல்ல மகனோ மகளோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாலே போதும். பொன் தன் வரலாற்றைத் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. எத்தனை காலம் கழித்துத் திராவகம் தடவினாலும் அது படிக்கக் கிடைக்கும். மனிதனின் கைத்திறனுக்கு அந்த வசதி இல்லை. அதனை உயிரோடு இருக்கும்போதே வெளியே எழுதியாக வேண்டும்.